மார்மன் சபை வரலாறு: சந்தேகத்தோடு படிப்பவர்களுக்கான கேள்வி பதில்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதிகாரப்பூர்வப் பெயர். ஊரார் வழக்கில் மார்மன் சபை. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இன்று தலைமையகம் யூட்டாவின் சால்ட் லேக் நகரம். தன் தொடக்கத்தைப் பற்றிச் சபை போதிப்பதற்கும் அதன் காப்பகத்திலேயே இருக்கும் ஆவணங்களுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைச் சுற்றித்தான் வந்த கேள்விகள் அனைத்தும். சிலர் உறுப்பினர்கள், சிலர் உறுப்பினரை மணந்தவர்கள், சிலர் வெளியிலிருந்து பார்ப்பவர்கள். எல்லோருக்கும் ஒரே ஆதாரங்களை வைத்தே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, எதிர்ப்பாளர்கள் எழுதியதைப் படித்தால் எல்லாம் மோசடி என்கிறார்கள். சபைக்காரர்கள் எழுதியதைப் படித்தால் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. எதை நம்பித் தொடங்குவது?

இரண்டையும் ஓரமாக வையுங்கள். ஜோசப் ஸ்மித்தின் நாட்குறிப்பு, கடிதங்கள், வெளிப்படுத்தல்கள் ஆகியவற்றைச் சபையின் வரலாற்றுத் துறையே 2008 முதல் 2023 வரை 27 தொகுதிகளாகப் பதிப்பித்தது. கையெழுத்துப் பக்கங்களின் படங்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்ததாக, 2013 முதல் 2015 வரை சிக்கலான தலைப்புகளில் சபை தன் தளத்திலேயே வெளியிட்ட கட்டுரைகள். இந்த இரண்டையும் எந்த உறுப்பினரும் ‘எதிரியின் பொய்’ என்று தள்ள முடியாது.

படிக்கும்போது ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: சம்பவம் நடந்ததாகச் சொல்லும் ஆண்டு, அது முதன்முதலில் எழுதப்பட்ட ஆண்டு, எழுதியவர், அவருக்கு அது எப்படித் தெரியும். பெரும்பாலான சச்சரவுகள் முதல் இரண்டு கட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. 1829ல் நடந்தது 1834ல்தான் ஏட்டில் ஏறுகிறது என்றால் அந்த ஐந்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து முதியவர் ஒருவர் நினைவிலிருந்து சொன்னதையும் சம்பவத்தன்றே எழுதியதையும் ஒரே எடையாக வைப்பது இரு தரப்பும் செய்யும் தவறு.

கேள்வி: முதல் தரிசனத்துக்கு நான்கு விதமான வடிவங்கள் உண்டு என்கிறார்களே? நினைவில் சின்ன மாறுதல் வருவது இயல்புதானே?

ஜோசப் சிறுவயதில் காட்டுக்குள் ஜெபித்தபோது கடவுளைக் கண்டதாகச் சொல்லும் சம்பவம்தான் முதல் தரிசனம். சின்ன மாறுதல் இயல்பு. இங்கே மாறுவது எது என்று பாருங்கள். 1832ல், ஓரளவு ஜோசப்பின் சொந்தக் கையெழுத்திலேயே இருக்கும் முதல் வடிவத்தில், பாவமன்னிப்பு தேடி ஜெபிக்கிறார், ‘கர்த்தரை’க் காண்கிறார். பிதாவும் குமாரனும் இரண்டு ஆட்களாக வந்து நின்றதாக அதில் தெளிவாக இல்லை. 1835 நாட்குறிப்பில் இரண்டு ஆட்கள், கூடவே பல தூதர்கள். 1838ல் எழுதத் தொடங்கி, இன்று வேதமாக வைத்திருக்கும் வடிவத்தில்தான் ‘எந்தச் சபையில் சேர்வது’ என்ற கேள்வி மையத்துக்கு வருகிறது. 1842ல் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் நான்காவது.

வயது 14ஆ 15ஆ என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், அது பலவீனமான வாதம். வலுவானது வேறு. எல்லாச் சபைகளும் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டன என்று வேதம் படித்தே முடிவுக்கு வந்துவிட்டதாக 1832ல் எழுதுகிறார். எல்லாமே தவறு என்பது அதுவரை தன் மனதில் தோன்றியதே இல்லை என்று 1838ல் எழுதுகிறார். சபையின் முழு அதிகாரமும் நிற்கும் சம்பவத்தில், அவர் எதற்காகக் காட்டுக்குள் போனார் என்பதே மாறுகிறது. 1832 வடிவம் இருந்த தாள்கள் ஏட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, 1960களின் நடுவில்தான் பொதுப்பார்வைக்கு வந்தன. ஒரு தலைமுறை உறுப்பினர்கள் மனம் புண்பட்டதற்கு அந்த வெட்டுத்தான் பெரிய காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் இதை வைத்து ‘தரிசனமே இல்லை’ என்று நிரூபித்துவிட முடியாது. 1838 வடிவத்தை வரிக்கு வரி நடந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

கேள்வி: தொப்பிக்குள் கல்லைப் போட்டு முகத்தைப் புதைத்துப் படித்தார் என்பது கேலிக்காகச் சொல்வதுதானே? ஞாயிறு பள்ளிப் படங்களில் மேசைமேல் தங்கத் தகடுகள் இருக்குமே.

கேலி இல்லை. தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக ஜோசப் சொன்ன வேத நூல்தான் மார்மன் புத்தகம்; அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். மனைவி எம்மா 1879ல் கொடுத்த பேட்டியிலும், தகடுகளைக் கண்டதாகக் கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவரான டேவிட் விட்மர் 1887ல் வெளியிட்ட சிறு நூலிலும் இப்படித்தான் இருக்கிறது. முட்டை வடிவப் பழுப்புக் கல்லின் புகைப்படத்தைச் சபையே 2015 ஆகஸ்டில் வெளியிட்டது. வாசகம் சொல்லப்பட்ட நேரத்தில் தகடுகள் துணியில் சுற்றி மூடிக் கிடந்ததாக எம்மா சொல்கிறார்.

கல்லைவிட அதன் முந்தைய வரலாறு முக்கியம். 1820களில் புதைந்த புதையலைக் கண்டறியும் வேலைக்கு ஜோசப்பைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அங்கேயும் இதே முறையில் கல்லைப் பார்த்துத்தான் சொன்னார். 1826ல் நியூயார்க்கின் பெயின்பிரிட்ஜில் இதற்காக நீதிபதி முன் நிறுத்தப்பட்டார். புதையல் கிடைத்ததற்கு ஆதாரம் இல்லை. அதே முறை, மூன்று ஆண்டுகள் கழித்து, வேத நூல் ஒன்றைத் தருகிறது. சந்தேகத்தின் வேர் இந்தத் தொடர்ச்சியில் இருக்கிறது.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. குடும்பம். மார்மன் புத்தகத்தை நம் வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

இரண்டு இடங்கள் போதும். முதலாவது ஏசாயா. மார்மன் புத்தகக் கதைப்படி லேகி என்பவரின் குடும்பம் கி.மு. 600 அளவில் எருசலேமை விட்டுக் கிளம்புகிறது, பித்தளைத் தகடுகளில் வேதத்தையும் எடுத்துப் போகிறது. மார்மன் புத்தகத்தில் ஏசாயா 48 முதல் 51 வரை அதன் உட்பிரிவுகளான நேபியின் புத்தகங்களிலும், 53 மோசியாவிலும், 54 மூன்றாம் நேபியிலும் வருகின்றன. 40ஆம் அதிகாரத்துக்குப் பின்வரும் பகுதி பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பான்மை வேத ஆய்வாளர்களின் முடிவு. 45:1ல் கோரேசின் பெயரே இருக்கிறது. கிளம்பியவர்கள் கையில் இன்னும் எழுதப்படாத அதிகாரங்கள் எப்படி வந்தன? ஏசாயாவே முன்னறிந்து எழுதினார் என்று நம்புகிறவருக்கு இந்த வாதம் வேலை செய்யாது.

அதனால் இரண்டாவது இடத்துக்குப் போங்கள். மூன்றாம் நேபி 12 முதல் 14 வரை மலைப்பிரசங்கம். 13:13ல் கர்த்தருடைய ஜெபத்தின் முடிவாக, நம் பழைய மொழிபெயர்ப்பில் மனப்பாடமாக இருக்கும் ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்’ என்ற வரி அப்படியே இருக்கிறது. மத்தேயுவின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி கிடையாது, பிற்காலத்தில் சேர்ந்தது. 1611ன் ஜேம்ஸ் மன்னர் ஆங்கில வேதாகமத்தில் இருக்கிறது. கி.பி. 34ல் இயேசு அமெரிக்காவில் பேசியதை நேரடியாக எழுதிய ஏட்டில் அது இருக்கக் காரணமில்லை. பக்கத்தில் ஆங்கில வேதாகமம் இருந்திருந்தால் காரணம் இருக்கிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தேயு 5:22ல் ‘நியாயமில்லாமல்’ என்ற சொல் பழைய பிரதிகளில் இல்லை. மூன்றாம் நேபி 12:22லும் இல்லை. சபைத் தரப்பு அறிஞர்கள் இதை முன்வைப்பார்கள், அந்தக் குறிப்பு சரிதான். ஒரு இடம் பொருந்துவதால் மற்ற இடங்களின் சிக்கல் தீராது என்பதே என் கருத்து.

கேள்வி: குதிரை, எஃகு, மரபணு?

சுருக்கமாக. பழைய அமெரிக்காவில் குதிரை, எஃகு, கோதுமை இருந்ததாக மார்மன் புத்தகம் சொல்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் பனியுகத்தின் முடிவில் குதிரை அழிந்தது, ஸ்பானியர்களோடுதான் திரும்பி வந்தது. உருக்கிய எஃகும் கோதுமையும் கொலம்பசுக்கு முந்தைய தொல்லியலில் இல்லை. பூர்வகுடிகளின் மரபணு ஆசியாவைக் காட்டுகிறது. லேகியின் வழிவந்தவர்களாக மார்மன் புத்தகம் சொல்லும் லாமானியர்கள் பூர்வகுடிகளின் ‘முதன்மை மூதாதையர்’ என்றிருந்த அதன் முன்னுரை, ‘மூதாதையர்களில் அடங்குவர்’ என்று 2006ல் மாறியது. சிறு குழுவாக வந்து பெரிய மக்கள்தொகையில் கரைந்திருக்கலாம் என்பது இன்றைய விளக்கம். மரபணுவால் அதை மறுக்க முடியாது. நூலின் வாசகமும் நூற்றைம்பது ஆண்டுப் போதனையும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்பதே கேள்வி.

கேள்வி: ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஆபிரகாம் புத்தகம், அதாவது எகிப்தியப் பாப்பிரஸ் சுருளிலிருந்து மொழிபெயர்த்ததாக ஜோசப் சொன்ன இன்னொரு வேத நூல். மார்மன் புத்தகத்தின் தகடுகள் நம்மிடம் இல்லை. இங்கே மூலம் கையில் இருக்கிறது.

1835 ஜூலையில் ஒஹாயோவின் கர்ட்லண்டில் நான்கு மம்மிகளும் பாப்பிரஸ் சுருள்களும் 2400 டாலருக்கு வாங்கப்பட்டன. ஆபிரகாம் தன் கையாலேயே எழுதியது இதில் இருக்கிறது என்றார் ஜோசப். 1842ல் மூன்று படங்களோடு, அன்று சபை குடியேறியிருந்த இல்லினாய்ஸின் நாவூவில் அச்சானது, 1880ல் அதிகாரப்பூர்வ வேதமானது. சுருள்கள் 1871 சிகாகோ தீயில் போய்விட்டதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1967 நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவற்றின் துண்டுகளைச் சபையிடம் ஒப்படைத்தது. முதல் படத்தின் மூலமும் அவற்றில் ஒன்று.

அதை ஒட்டியிருக்கும் எழுத்து, ஹோர் என்ற எகிப்தியப் பூசாரிக்கான ‘சுவாச நூல்’. செத்தவரோடு புதைக்கும் மந்திர ஏடு. காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில், அதாவது ஆபிரகாமுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. துண்டுகளின் எழுத்துகள் ஆபிரகாம் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று 2014ல் சபையின் கட்டுரையும் ஒப்புக்கொண்டது.

நீங்களே செய்து பார்க்க மூன்றாவது படம் சுலபமானது. படத்தின் கீழே ஜோசப்பின் விளக்கத்தைப் படியுங்கள். 2ஆம் உருவம் பார்வோன் மன்னன், பெயர் தலைக்கு மேல் எழுதியிருக்கிறது என்கிறார். 4ஆம் உருவம் இளவரசன். 5ஆவது சூலேம் என்ற பரிமாறுபவன். 6ஆவது அடிமை. பிறகு எகிப்தியவியலாளர் யாருடைய மொழிபெயர்ப்பையாவது பக்கத்தில் வையுங்கள். 2 ஈசிஸ் தேவி, 4 மாத் தேவி, 5 இறந்துபோன ஹோர், 6 அனுபிஸ். பெண் தெய்வங்கள் இருவரை மன்னனாகவும் இளவரசனாகவும் படித்திருக்கிறார். உருவத்தைப் பார்த்துக் கற்பனையாகச் சொன்னார் என்றால் விட்டுவிடலாம். எழுத்திலேயே அப்படி இருக்கிறது என்று சொன்னதுதான் தப்ப வழியில்லாத இடம். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை 1822ல் சாம்போலியன் கண்டுபிடித்திருந்தாலும், அன்றைய ஒஹாயோவிலோ நாவூவிலோ அதைச் சரிபார்க்க ஆளில்லை.

கேள்வி: சுருளின் பெரும்பகுதி தொலைந்துவிட்டதே. ஆபிரகாம் எழுதியது அந்தப் பகுதியில் இருந்திருக்கலாம் அல்லவா?

நியாயமான கேள்வி, பல அறிஞர்கள் பல ஆண்டுகள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். இரண்டு தடை. ஆபிரகாம் 1:12 ‘இந்தப் பதிவின் தொடக்கத்தில் உள்ள படத்தை’ப் பார்க்கச் சொல்கிறது, அந்தப் படத்தை ஒட்டி இருப்பது ஹோரின் ஏடு. ஜோசப்பின் எழுத்தர்களின் கையெழுத்துப் பிரதிகளில் ஆபிரகாம் வாசகத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் எகிப்திய எழுத்துகளும் அதே துண்டிலிருந்து வரிசையாக எடுத்தவை. மூன்றாவது படமோ தொலைந்த பகுதியைச் சார்ந்தே இல்லை. அச்சிலேயே எழுத்து இருக்கிறது.

அதனால்தான் சபை இன்று ‘தூண்டுகோல்’ விளக்கத்தையும் முன்வைக்கிறது: பாப்பிரஸ் மொழிபெயர்க்கப்படவில்லை, அதைப் பார்த்தபோது வெளிப்படுத்தல் வந்தது. இதை எந்த ஆதாரமும் பொய்யாக்க முடியாது. ஆனால் ஜோசப் தான் செய்வதாகச் சொன்ன வேலை அது இல்லை.

கேள்வி: மூன்று சாட்சிகளும் சபையைவிட்டு விலகிய பிறகும் சாட்சியை மறுக்கவில்லையே! இதுக்கு என்ன சொல்றீங்க?

இதை எதிர்ப்பாளர்கள் லேசாகத் தள்ளிவிடுகிறார்கள், தவறு. ஆலிவர் கவுட்ரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் மூவரும் 1837க்கும் 1838க்கும் இடையில் வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். கவுட்ரி 1848லும் ஹாரிஸ் 1870லும் திரும்பினார்கள். விட்மர் கடைசிவரை திரும்பவில்லை. மூவரும் மார்மன் புத்தகச் சாட்சியைக் கைவிடவில்லை. பொய் சொல்லக் கூலி வாங்கினார்கள் என்ற வாதத்துக்கு ஆதாரமில்லை.

ஆனால் இதே அளவுகோலை முழுதாக வையுங்கள். 1838 ஜூனில் வானத்திலிருந்து கடவுள் அதே குரலில் பேசி, பரிசுத்தவான்களை விட்டுப் பிரியச் சொன்னார் என்று விட்மர் 1887ல் எழுதினார். முதல் குரலை ஏற்றால் இரண்டாவதை எப்படி விடுவது? ஜோசப் இறந்தபின் தலைமைக்கு உரிமை கோரிய ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1845ல் விஸ்கான்சினில் பித்தளைத் தகடுகளை எடுத்தார். மண்ணைத் தோண்டிய நான்கு பேர் கையெழுத்திட்டார்கள். அதை யூட்டா சபை ஏற்பதில்லை. ஹாரிஸோ சில காலம் ஸ்ட்ராங்கின் பக்கமே இருந்தார். மனதார நம்பிச் சொன்னவர்கள் என்பது வரை சாட்சிகள் நம்மைக் கொண்டுபோவார்கள். அதற்கு மேல் இல்லை.

கேள்வி: வெள்ளைச் சாலமண்டர் கடிதம், ஸ்பால்டிங் நாவல் இரண்டும் உண்மைதானா? ஒரு விவாதத்தில் பயன்படுத்தப் போகிறேன்.

வேண்டாம். தகடுகளைக் காத்தது தூதர் அல்ல, வெள்ளைச் சாலமண்டர் (பல்லி போன்ற உயிரி) என்று மார்ட்டின் ஹாரிஸ் பெயரில் சொல்லும் அந்தக் கடிதம் மார்க் ஹாஃப்மன் தயாரித்த போலி. தன் மோசடி வெளிவராமல் இருக்க அவர் 1985 அக்டோபரில் வைத்த குண்டுகளில் இருவர் இறந்தார்கள். 1987ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1980களின் முற்பாதியில் வந்த புத்தகங்களில் அவருடைய போலிகள் மேற்கோளாக இருக்கும், கவனம். மார்மன் புத்தகம் சாலமன் ஸ்பால்டிங்கின் நாவலிலிருந்து திருடியது என்பது பழைய குற்றச்சாட்டு. அவருடைய கையெழுத்துப் பிரதி 1884ல் ஹானலூலுவில் கிடைத்தது; மார்மன் புத்தகத்தோடு ஒப்பிட்டால் அது மூலமில்லை என்பது தெளிவு. விவாதத்தில் ஒரு போலி ஆதாரம் பிடிபட்டால், நீங்கள் காட்டிய நல்ல பத்து ஆதாரங்களையும் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: பலதார மணம் விதவைகளைக் காப்பாற்றத்தான் என்று என்னிடம் சொன்ன ஊழியக்காரர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அவர்களைப் பொய்யர் என்பதா?

அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் சொன்னார்கள். 2014ல் சபையே எழுதியதைப் பாருங்கள்: ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவிகள் வரை இருந்திருக்கலாம் என்ற மதிப்பீடு; அவர்களில் ஹெலன் மார் கிம்பல் தன் 15ஆவது பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பு அவருக்கு முத்திரிக்கப்பட்டவர், அதாவது நித்தியத்துக்கும் நீடிக்கும் என்று சபை கருதும் மணச் சடங்கில் சேர்க்கப்பட்டவர்; வேறு கணவர் உயிரோடிருந்த பெண்கள் 12 முதல் 14 பேர். எம்மாவுக்குத் தெரியாமல் 1843 மார்ச்சில் பார்ட்ரிஜ் சகோதரிகளை மணந்து, எம்மா சம்மதித்தபின் அதே ஆண்டு மே மாதம் அவர் முன்னால் மறுபடி சடங்கு நடந்தது. இந்த முறையை அனுமதிக்கும், ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற வெளிப்படுத்தல் தொகுப்பின் 132ஆம் பகுதி எழுத்தில் வந்தது 1843 ஜூலை 12.

தனக்கு ஒரே மனைவிதான் என்ற தொனியில் 1844 மே மாதம் மேடையில் பேசினார். ஜூன் 7 அன்று, சபையிலிருந்து விலகியவர்கள் ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ என்ற இதழில் பலதார மணத்தை வெளிப்படுத்தினார்கள். மேயராக இருந்த ஜோசப்பும் நகர்மன்றமும் உத்தரவிட்டு 10ஆம் தேதி அச்சகம் உடைக்கப்பட்டது. அதற்கான வழக்கில் சரணடைந்து, பிறகு தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கார்த்தேஜ் சிறையில் வைக்கப்பட்டவரை 27 அன்று கும்பல் சுட்டுக் கொன்றது. அவரைக் கொன்றது கொலைதான், அதற்கு நியாயம் கிடையாது. அந்த இதழ் சொன்ன மையச் செய்தி உண்மை என்பதும் 1852ல் சபை தானே அறிவித்தபோது தெரிந்தது.

ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பிற மனைவிகள் மூலம் ஜோசப்புக்குக் குழந்தை என்று இதுவரை எந்த மரபணுச் சோதனையும் உறுதிசெய்யவில்லை. குழந்தைப் பட்டியல் போடும் பழைய புத்தகங்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: வெளிப்படுத்தல்களையே திருத்தினார்கள் என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

1833ல் மிசூரியில் அச்சான ‘கட்டளைகளின் புத்தகம்’, அது ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற பெயரில் விரிந்து வந்த 1835 பதிப்பு, இரண்டின் படங்களையும் இரண்டு சன்னல்களில் திறந்து வையுங்கள். 1833ன் 7ஆம் அதிகாரத்தில் கவுட்ரிக்கு இருப்பது ‘கோலைக் கொண்டு செயல்படும் வரம்’, அதாவது நீரோட்டம் பார்ப்பவர்கள் பிடிக்கும் கோல். இன்றைய 8ஆம் பகுதியில் அது ‘ஆரோனின் வரம்’. 1833ன் 28ஆம் அதிகாரம் சிறியது. 1835ல் அதற்குள் பேதுரு, யாக்கோபு, யோவான் வந்து அபிஷேகம் செய்த செய்தி சேர்ந்திருக்கிறது. ஆசாரியத்துவ அதிகாரத்தின் அடித்தளமே அந்த வரிகள்தான். கும்பல் 1833 ஜூலையில் அச்சகத்தை அழித்தபோது தாள்களைக் காப்பாற்றியவர்களால்தான் இந்த ஒப்பீடு இன்று சாத்தியம்.

கேள்வி: கறுப்பின மக்களுக்கு ஆசாரியத்துவம் மறுத்ததைக் ‘காலத்தின் தவறு’ என்று ஏற்கலாமா?

தலைமை தானே அப்படிச் சொல்லவில்லை. எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவருக்கு 1836ல் ஆசாரியத்துவம் கிடைத்தது. 1852ல், ஜோசப்புக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் தடையை அறிவித்தார். அது கொள்கை அல்ல, கர்த்தரின் நேரடிக் கட்டளை என்றது 1949ன் தலைமை அறிக்கை. 1978 ஜூனில் தடை நீங்கியது. தடைக்குச் சொன்ன காரணங்களை 2013ல் சபை மறுத்தது. காரணம் தவறு என்றால், கட்டளை என்று சொன்னதும் தவறா? அந்தக் கேள்விக்கு இன்னும் நேரடிப் பதில் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஜெபித்தபோது நெஞ்சு நிறைந்தது. கண்ணீர் வந்தது. அதுவும் பொய்யா? இதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

உங்களுக்கு நடந்தது நடந்ததுதான், அதை யாரும் எடுத்துவிட முடியாது. மரோனி 10:4 சொல்வது, ஜெபித்தால் நூலின் உண்மை தெரியவரும் என்று. ஆனால் அந்த நிறைவு எதைப் பற்றிய அறிவு? கடவுள் அருகில் இருக்கிறார் என்பதைப் பற்றியா, ஹோரின் பாப்பிரஸ் ஆபிரகாம் எழுதியது என்பதைப் பற்றியா? இரண்டாவதை உணர்வு தீர்க்காது. முதலாவதை ஆவணங்கள் தீர்க்காது. சபையோடு சேர்த்துக் கடவுளையும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் ஆவணங்களிலிருந்து வரவில்லை.

கேள்வி: கணவர் நான்கு தலைமுறை மார்மன். மகள் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் எப்படிச் சொல்வது? பெயரை நீக்கக் கடிதம் எழுதிவிடட்டுமா?

கடிதத்தைக் கடைசியில் வையுங்கள், அம்மா. கூட்டத்துக்குப் போகாததால் மட்டும் பெயர் நீங்காது. கையெழுத்திட்ட விலகல் கடிதம் போனால் உள்ளூர் பிஷப்புக்கும் தெரியவரும், முத்திரித்தல் உள்பட ஆலயச் சடங்குகளின் பலன் போய்விட்டதாகச் சபை கருதும், திரும்ப வேண்டுமானால் மறுபடி ஞானஸ்நானம். கணவருக்கு அது நித்தியத் திருமணம் உடைந்த செய்தியாக விழும். பேச்சு முடிவதற்கு முன் கடிதம் போனால் அதற்குப் பின் அவர் ஆவணம் எதையும் பார்க்கமாட்டார்.

மகளின் நிலை தனி. அவள் உறுப்பினராகச் சேர்ந்து படிப்பதால், ஒவ்வோர் ஆண்டும் உள்ளூர் சபைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். படிக்கும்போதே விலகினால் இடம் போகும். அவளுக்கும் சந்தேகம் இருக்கிறது என்றால், பிஷப்பிடம் வாய் திறப்பதற்கு முன் வேறு கல்லூரிக்கு மாற்ற முடியுமா, எத்தனை பாடங்களின் மதிப்பெண்களை அங்கே ஏற்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளட்டும்.

கணவரிடம் பட்டியல் நீட்ட வேண்டாம். ஒரே ஒரு தலைப்பு, சபையின் சொந்தக் கட்டுரை, அதுவும் அவர் கேட்கச் சம்மதித்த நாளில். முதல் நாளுக்கு 2014ன் ஆபிரகாம் கட்டுரை பொருத்தம். பலதார மணத்தில் தொடங்கினால் அவருடைய கொள்ளுப்பாட்டியைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும். படித்துவிட்டு அவர் நம்பிக்கையிலேயே நின்றால், ஞாயிறு ஆராதனை, தசமபாகம், சின்னப் பிள்ளைகளின் எட்டு வயது ஞானஸ்நானம் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் இருவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். மற்றதற்கு அவசரமில்லை.